ஆவாரங்குளத்துக் கேள்வி

"இந்தப் பிள்ளைங்களுக்குக் கேள்வியே வராதா மேடம்?"

பேராசிரியர் தவசிமுத்து வாசலில் நின்றபடியே கேட்டார். உள்ளே வந்து உட்காரும் பொறுமைகூட அவருக்கு இல்லை.

ஜெசிந்தா திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எந்தப் பிள்ளைங்க சார்?"

"எல்லாப் பிள்ளைங்களும்தான். இந்த வருஷம் நான் போகாத ஸ்கூல் கிடையாது. தொண்டத் தண்ணி வத்தப் பேசுறேன். கடைசியில 'ஏதாவது சந்தேகம் இருக்கா'ன்னு கேட்டா, உட்கார வச்ச மாதிரியே உட்கார்ந்திருக்குதுங்க. சொவத்துக்கிட்ட பேசியிருந்தாக்கூட எதிரொலியாவது வந்திருக்கும்."

அவர் இயற்பியல் துறை. தலை முழுக்க நரை. அரசுப் பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் கணக்கிலும் அறிவியலிலும் ஆசை மூட்டி, அந்தப் படிப்புகளுக்கு அவர்களை இழுத்துவர வேண்டும் என்று பல்கலைக்கழகம் ஒரு திட்டம் போட்டு, அதை அவர் தலையில் கட்டியிருந்தது.

ஜெசிந்தா கணிதத் துறை. அவருடைய மகள் என்று சொல்லலாம், அவ்வளவு இளையவள். ஆனால் பல வருடங்களாகச் சனிக்கிழமை தவறாமல் ஒரே ஒரு பள்ளிக்குப் போய்வருகிறாள். அந்த ஒரு பள்ளியிலிருந்து ஆண்டுதோறும் பெண்கள் கணக்குப் படிக்க வந்துகொண்டே இருக்கிறார்கள். இதை வளாகத்தில் எல்லோரும் வாயைக் கோணிக்கொண்டுதான் சொல்வார்கள்.

தவசிமுத்து கோணவில்லை. "இந்த வேலையை எனக்குச் சொல்லிக் குடுங்க மேடம்" என்று அவராகவே வந்து நின்றார். அந்த வகையில் மனிதர் நல்லவர். அன்றிலிருந்து அவர் சீடர், அவள் குரு.

குரு பேனாவை மூடினாள்.

"ஃபங்ஷன் முடிஞ்சு எப்ப கிளம்புவீங்க சார்?"

"முடிஞ்ச உடனேதான். அடுத்த ஸ்கூல் இருக்கே."

"கார் எங்க நிக்கும்?"

"ஸ்டேஜ் பக்கத்துலயே. டிரைவர் இன்ஜினை ஆஃப்கூட பண்ண மாட்டான்."

"அடுத்த தடவை காரைத் திருப்பி அனுப்பிருங்க."

"அப்ப நான் எப்படித் திரும்பி வர்றது?"

ஜெசிந்தா அடுத்த விடைத்தாளை எடுத்தாள்.

அடுத்த பள்ளி ஆவாரங்குளம். அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளி.

வாசலில் பேனர் கட்டியிருந்தார்கள். அதில் துணைவேந்தர் படம் பெரிது. பதிவாளர் படம் நடுத்தரம். தவசிமுத்து படம் சிறிது. அறிவியலுக்காக ஒரு நிலாவும் போட்டிருந்தார்கள். அது எல்லாவற்றையும்விடச் சிறிது.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததுமே பிள்ளைகளை மைதானத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். விருந்தினருக்குப் பந்தலும் வாடகை நாற்காலியும். பிள்ளைகளுக்கு வெயிலும் மண்ணும். மூன்று மணிக்குக் கார் வந்தது.

பொன்னாடை போட்டார்கள். பதிலுக்குப் பொன்னாடை போட்டார்கள். ஒவ்வொரு பொன்னாடைக்கும் ஒரு போட்டோ. படத்தின் மூலையில் ஊரும் நேரமும் தானாகவே விழும் போட்டோ. இப்போதெல்லாம் அது விழாவிட்டால் நீங்கள் அந்த ஊருக்கே போகவில்லை என்று அர்த்தம்.

"உங்களுக்குள்ளே ஒரு விஞ்ஞானி தூங்கிக்கொண்டிருக்கிறாள்! தட்டி எழுப்புங்கள்!" என்று தவசிமுத்து முழங்கினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். பாதிப் பேர் உண்மையிலேயே தூங்கிக்கொண்டிருந்ததால் அந்தச் சத்தத்தில் எழுந்தார்கள்.

"ஏதாவது சந்தேகம் இருக்கா?"

ஒரு பெண் எழுந்தாள். பிறகு இன்னொருத்தி. பிறகு இன்னொருத்தி.

"கருந்துளைக்குள் விழும் ஒளி என்ன ஆகும் ஐயா?"

"பிரபஞ்சத்திற்கு எல்லை உண்டா ஐயா?"

ஐந்து கேள்விகள். தவசிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. காரையும் அனுப்பிவிட்டு இருந்தால் இன்னும் எத்தனை கேள்வி வருமோ என்று ஜெசிந்தாவை மனசுக்குள் கும்பிட்டார். விழா முடிந்ததும் முதல் வேலையாகக் காரை அனுப்பினார்.

பஸ் ஐந்தரைக்குத்தான் என்றார்கள். பந்தலிலேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். கருந்துளை கேட்ட பெண் அந்தப் பக்கமாகப் போனாள். ஆசையோடு கூப்பிட்டார்.

"உனக்கு அந்தச் சந்தேகம் எப்படிம்மா வந்துச்சு?"

"எந்தச் சந்தேகம் சார்?"

"கருந்துளை."

"அதுவா? அது எனக்கு வந்த நம்பர் சார். நான் மொதலாவது."

"நம்பரா?"

"அஞ்சு பேரு சார். ரெண்டு நாளா ப்ராக்டிஸ் பண்ணோம். 'ஐயா'ன்னு முடிக்கணும்னு சொன்னாங்க. நான் சரியாச் சொன்னேனா சார்?"

தவசிமுத்து எழுந்தார். தலைமையாசிரியை சண்முகவடிவு பந்தல் ஓரமாக நின்று பொன்னாடைகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர்! பிள்ளைங்க வாயில கேள்விய ஊட்டி விடுறதுக்கு உங்களுக்கு வெக்கமா இல்ல? இதுக்குப் பேரு கல்வியா? ஏமாத்து!"

சண்முகவடிவு மடிப்பதை நிறுத்தினார்.

"யாரு சார் ஏமாத்து? உங்க ஆபீஸ்ல இருந்துதான் போன் வந்துச்சு. 'எங்கயும் பிள்ளைங்க கேள்வி கேக்க மாட்டேங்குது, சார் ரொம்ப வருத்தப்படுதாரு, நல்ல கேள்வியா அஞ்சு தயார் பண்ணி வைங்க'ன்னு சொன்னாங்க. கருந்துளை கட்டாயம் வேணும்னு சொன்னதும் அவங்கதான். எங்களுக்கு அதெல்லாம் எங்க தெரியும்? நான் வரலாறு."

சண்முகவடிவு கையிலிருந்த பொன்னாடையை ஓங்கி உதறினார்.

"உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி. போன்ல நீங்க இடிக்கீங்க, நேர்லயும் நீங்க இடிக்கீங்க. நான் எங்க சார் போவேன்?"

தவசிமுத்து திரும்பிப் போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். சுற்றிலும் பெண்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி அவர் முன்னால் வந்து நின்றாள். பத்தாம் வகுப்பு. பெயர் பேச்சியம்மாள்.

"சார், நான் ஒண்ணு கேக்கலாமா?"

"இதுவும் போன்ல வந்ததா?"

"இல்ல சார். இது எனக்கே வந்தது."

"கேளு."

"எங்களுக்குக் கணக்கு டீச்சர் எப்ப வருவாங்க?"

"ஏட்டி! சார்கிட்ட இதையெல்லாமா கேப்பாங்க?" என்று சண்முகவடிவு ஓடிவந்தார். வந்தவர் அவளை விரட்டவில்லை. பக்கத்தில் நின்று அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"கேட்டது தப்பில்ல சார். ஜூன்ல மாறிப் போனாங்க. இன்னும் ஆள் போடல. நான்தான் கைடைப் பாத்துப் போர்டுல எழுதிப் போடுதேன். பிள்ளைங்க எழுதிக்கிடும். எதுக்கு அந்த வரி வந்துச்சுன்னு அவங்களும் கேக்க மாட்டாங்க, எனக்கும் தெரியாது."

"நான் கேட்டேன் டீச்சர்" என்றாள் பேச்சி.

"கேட்டா. இவ ஒருத்தி கேட்டா."

"பதினொண்ணுல நான் ஃபர்ஸ்ட் குரூப் எடுக்கணும் சார். கணக்குல மார்க் இல்லன்னா தையல் குரூப்புல போட்டுருவாங்க. பரீட்சை ஏப்ரல்ல. அதுக்குள்ள வந்துருவாங்களா?"

தவசிமுத்து அவளைப் பார்த்தார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் முப்பது வருடம் ஒரே இடத்தில் வேலை பார்த்த வாய், மனசைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"அது எங்க டிபார்ட்மென்ட் இல்லையேம்மா. நாங்க யுனிவர்சிட்டி."

"சரி சார்."

அவள் போகவில்லை.

"இன்னும் என்னம்மா?"

"சேரைக் குடுங்க சார். வண்டி நிக்குது, ஏத்தணும்."

அவர் எழுந்து நின்றார். பேச்சி நாற்காலியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் ஜெசிந்தாவின் அறையில் தவசிமுத்து கொட்டித் தீர்த்தார்.

"அயோக்கியத்தனம் மேடம்! ஆபீஸ்ல ஒருத்தன் போன் பண்ணிக் கேள்வி விக்கிறான். ஸ்கூல்ல அதை வாங்கி மனப்பாடம் பண்ண வைக்கிறாங்க. 'கணக்கு டீச்சர் எப்ப வருவாங்க'ன்னு ஒரு பொண்ணு கேக்குது, அந்த ஊர்ல நான் போய்க் கருந்துளை பேசிட்டு வந்திருக்கேன். யாருக்காவது சூடு சொரணை இருக்கா? பசிக்குதுன்னு சொன்னவனுக்குப் பஞ்சாங்கம் வாசிச்ச கதையால்ல இருக்கு!"

ஜெசிந்தா தேநீரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அந்தப் பொண்ணுகிட்ட நீங்க என்ன சொன்னீங்க?"

"எந்தப் பொண்ணு?"

"கணக்கு டீச்சர் கேட்டவ."

"நான் என்ன சொல்ல முடியும்? அது நம்ம டிபார்ட்மென்ட் இல்லன்னு சொன்னேன். அதுதானே உண்மை?"

ஜெசிந்தாவின் முகம் மாறிவிட்டது. தவசிமுத்து அதைப் பார்க்கவில்லை. அவர் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். திட்டி முடித்து, ஆறிப்போன தேநீரைக் குடித்துவிட்டு, பாரம் இறங்கியவராகப் போனார்.

திங்கட்கிழமை அவர் முதுகலை வகுப்புக்குப் பத்து நிமிடம் தாமதமாக வந்தார்.

மேடையில் ஜெசிந்தா நின்றுகொண்டிருந்தாள்.

"உங்களுக்குள்ளே ஒரு விஞ்ஞானி தூங்கிட்டிருக்கான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "தட்டி எழுப்புங்க. வானத்தைத் தொடுங்க. சரி, எல்லாரும் இப்படிச் சேர்ந்து நில்லுங்க, ஒரு போட்டோ."

மாணவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"மேடம், சார் குவாண்டம் எடுக்கணும். வியாழக்கிழமை டெஸ்ட்" என்றான் ஒருவன்.

"இன்னும் ரெண்டு யூனிட் இருக்கு மேடம்" என்றாள் ஒருத்தி.

"அது எங்க டிபார்ட்மென்ட் இல்லையேப்பா" என்றாள் ஜெசிந்தா. "நான் மேத்ஸ்."

தவசிமுத்து உள்ளே பாய்ந்தார்.

"என்ன மேடம் கூத்து இது? இது என் கிளாஸ்! யாரைக் கேட்டு உள்ள வந்தீங்க? டெஸ்ட்டை வச்சுக்கிட்டுப் போட்டோ எடுத்துட்டிருக்கீங்க! என் பிள்ளைங்க வாழ்க்கை உங்களுக்கு விளையாட்டாப் போச்சா?"

பக்கத்து வகுப்புகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. அந்தக் கட்டடத்தில் அவர் இவ்வளவு சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை.

"கத்துங்க சார்" என்றாள் ஜெசிந்தா.

"என்னது?"

"இன்னும் நல்லாக் கத்துங்க. இவங்களுக்குப் பத்து நிமிஷம் போச்சு. அவளுக்கு ஜூன்ல இருந்து போயிட்டிருக்கு. அங்க கத்துனீங்களா?"



ஜெசிந்தா சாக்பீஸை அவர் கையில் வைத்தாள்.

"எனக்கு ஆத்திரம் தாங்கல சார்" என்று சொல்லிவிட்டு வெளியேறினாள்.

அவர் வகுப்பை எடுத்து முடித்தார். மத்தியானம் ஆபீசுக்குப் போய், இனி எந்தப் பள்ளிக்கும் போன் போட்டால் கையை ஒடித்துவிடுவேன் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஆவாரங்குளத்தில் இறங்கினார். பேனர் இல்லை. கார் இல்லை. கேமராவும் இல்லை.

சண்முகவடிவு பதறிப்போய் வந்தார்.

"என்ன சார், சொல்லாமக்கொள்ளாம! இன்னைக்கு என்ன ஃபங்ஷன்? பொன்னாடைகூட வாங்கி வைக்கலையே!"

"ஃபங்ஷன் இல்ல டீச்சர். பத்தாம் வகுப்பு எது?"

பெண்கள் எழுந்து நின்றார்கள். கேள்வி கேட்கப் பழகிய ஐந்து பேரும் முகம் வெளுத்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்றைக்கு யாருக்கு எந்த நம்பர் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

"உக்காருங்கம்மா. புக்கை எடுங்க. கணக்கு."

பேச்சி இரண்டாவது வரிசையில் இருந்தாள். புத்தகத்தை எடுத்தாள். ஆனால் கண்ணை அவரிடமிருந்து எடுக்கவில்லை. நாற்காலி இல்லாமல் நின்ற சாரை அவள் மறந்திருக்கவில்லை.

தவசிமுத்து ஒரு இருபடிச் சமன்பாட்டை எழுதினார். அதன் வரைபடம் எந்த இடத்தில் வளைந்து திரும்பும் என்று கண்டுபிடிக்க வேண்டும். கடகடவென்று எழுதிக்கொண்டே போய், இரண்டே வரியில் விடையை எழுதி வட்டமிட்டார். திரும்பிப் பார்த்தார்.



"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"எனக்குப் புரியல சார்" என்றாள் பேச்சி. "ஒய்க்குப் பக்கத்துல சின்னதா ஒரு கோடு போட்டிருக்கீங்களே, அது என்ன?"

"அது வகைக்கெழும்மா."

"எங்க புக்குல அது இல்லையே சார்."

தவசிமுத்து பலகையைப் பார்த்தார். பத்தாம் வகுப்புக் கணக்கைக் கல்லூரிக் கணக்கால் போட்டு வைத்திருந்தார். இத்தனை வருடத்தில் தனக்குப் பத்தாம் வகுப்பே மறந்துவிட்டது என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. எல்லாவற்றையும் அழித்தார்.

"புக்குல எப்படி இருக்கு? நீ வாசி."

அவள் வாசித்தாள். அவர் அவளுக்குப் பின்னாலேயே ஒவ்வொரு வரியாக எழுதினார். ஒவ்வொரு வரிக்கும் ஏன் என்று நின்று சொன்னார். முதல் கணக்குக்கு அரை மணி நேரம் ஆயிற்று. நடு வரிசையில் ஒருத்தி, "அட, இவ்வளவுதானா!" என்றாள். வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சண்முகவடிவும் அதையேதான் முணுமுணுத்தார்.

இரண்டாவது கணக்கின் பாதியில் பேச்சி கையைத் தூக்கினாள்.

"எத்தன நாளைக்கு சார் வருவீங்க?"

"செவ்வாயும் வெள்ளியும். பரீட்சை வரைக்கும்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் லீவுதானேம்மா."

"லீவு முடிஞ்சு சார்? பதினொண்ணுக்கு யாரு வருவா?"

அவர் வாசலைப் பார்த்தார். சண்முகவடிவு தரையைப் பார்த்தார்.

"ஃபர்ஸ்ட் குரூப்பையே கல்வி ஆபீஸ்ல மூடச் சொல்லிட்டாங்க சார். கணக்குக்கு ஆள் இல்லல்லா. ஆள் இல்லன்னா குரூப் எதுக்குன்னு கேக்காங்க. வரப்போற வருஷத்துல இருந்து தையலும் கணக்குப்பதிவியலும் மட்டும்தான்."

"ஆள் போடாம விட்டது யாரு?"

"அவங்கதான்."

"ஆள் இல்லன்னு மூடச் சொன்னது?"

"அவங்களேதான் சார்."

வகுப்பு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. தவசிமுத்துவின் விரல்களுக்கு நடுவில் சாக்பீஸ் இரண்டாக உடைந்தது.

"அந்த ஆபீஸ் எங்க இருக்கு டீச்சர்?"

"டவுன்ல சார். பத்தேகாலுக்கு ஒரு பஸ் இருக்கு."

அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். செருப்பை மாட்டினார். வாசலை நோக்கி நடந்தார். அந்த நடையைப் பார்த்து சண்முகவடிவு தானாக வழிவிட்டார்.

"சார்!"

பேச்சி எழுந்து நின்றாள்.

"மொதல்ல இந்தக் கணக்க முடிங்க சார். அடுத்த பஸ்ல எல்லாரும் போவோம்."